சைன் எல்லைக் கணக்கு: லோபிதாலா, அடிப்படை எல்லையா, தொடரா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் டியூஷனுக்கு வரும் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) கணிதத்தில் இரண்டாம் செமஸ்டர் முழுக்க நுண்கணிதம்தான். முக்கோணவியல் எல்லைக் கணக்கைக் கொடுத்தால் உடனே லோபிதால் விதிக்குப் போகிறார்கள். மேலேயும் கீழேயும் வகையிட்டு, பூஜ்யத்தைப் போட்டால் "ரெண்டே வரி சார்!"

(சைன் 3க)/(சைன் 5க) போன்ற கணக்கில், க பூஜ்யத்தை நெருங்கும்போது, அது சரிதான், 3/5 வந்துவிடும். அடிப்படை எல்லையை, அதாவது க பூஜ்யத்தை நெருங்கும்போது (சைன் க)/க 1ஐ நெருங்கும் என்பதை, வைத்துப் போட்டாலும் அதே நீளம்தான்.

ஆனால் (சைன் க)/க = 1 என்பதையே லோபிதாலால் நிறுவுவதை நான் ஏற்பதில்லை. சைனை வகையிட்டால் கோசைன் வரும் என்பதே இந்த எல்லையை வைத்துத்தான் கிடைத்தது. வட்டத்தை வரையுங்கள். ஆரம் 1, கோணம் க. உள்ளே சின்ன முக்கோணம், அப்புறம் வட்டத்துண்டு, வெளியே பெரிய முக்கோணம். பரப்புகளை ஒப்பிட்டால் சைன் க < க < டேன் க. இதிலிருந்து (சைன் க)/க, கோசைன் கவுக்கும் 1க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. க சுருங்கச் சுருங்கக் கோசைனும் 1க்கு வருகிறது, வேறு வழியில்லை. கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். கால்குலேட்டரை டிகிரியில் வைத்து சைன் 0.001ஐ 0.001ஆல் வகுத்தால் 0.01745 காட்டும், அது பை/180.

(டேன் க − சைன் க)/க³ வந்தால் எனக்கு அடிப்படை எல்லைதான். டேன் கவைப் பொதுவாக வெளியே எடுத்தால் (டேன் க)/க 1க்குப் போய்விடும், மிச்சம் (1 − கோசைன் க)/க². அதன் எல்லை 1/2, விடையும் அதுவே. லோபிதாலில் இறங்கினால் செக்கன்ட் வர்க்கத்தை வகையிட்டே தாள் நிரம்பும்.

(க − சைன் க)/க³இல் தொடர்தான் ஜெயிக்கிறது. சைனுக்குப் பதிலாக வெறும் க போட்டு 0 என்று எழுதுபவர்கள் உண்டு; தப்பு. க − க³/6 + … என்று விரித்தால் 1/6 பளிச்சென்று தெரியும். லோபிதாலும் இதே விடையைத் தரும், மூன்று தரம் வகையிட வேண்டும்.

(க + சைன் க)/க, க முடிவிலிக்குப் போகும்போது? லோபிதால் போட்டால் 1 + கோசைன் க, 0க்கும் 2க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். "எல்லை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். வகைக்கெழுக்களின் விகிதத்துக்கு எல்லை இல்லாவிட்டால் அந்த விதி எதையுமே சொல்லாது. இங்கே (சைன் க)/க, −1/கவுக்கும் 1/கவுக்கும் இடையில் நெருங்கிப் பூஜ்யமாகிறது. விடை 1.