வாடகை டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்கள்: லூட்டனில் ஒரு வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு எது சரிவரும்?

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விட்டு டெபாசிட் வாங்குபவர், அதை அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பதிந்தே ஆக வேண்டும்: டி.பி.எஸ். (டெபாசிட் புரொடெக்ஷன் சர்வீஸ்), மைடெபாசிட்ஸ், டி.டி.எஸ். (டெனன்சி டெபாசிட் ஸ்கீம்). 2007 ஏப்ரல் 6 முதல் இதுதான் சட்டம். மூன்றிலுமே இரண்டு வகை இருக்கிறது. கஸ்டோடியலில் பணம் முழுக்கத் திட்டத்தின் கைக்குப் போய்விடும், கட்டணம் கிடையாது. இன்ஷூர்டு வகையில் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கும், அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவருக்கு கஸ்டோடியல்தான் சரி. பணத்துக்கு வட்டி வராதே என்று சிலர் தயங்குகிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் பவுண்டுக்கு வரும் வட்டியைவிட, வாடகைதாரர் கிளம்பும்போது அந்தத் தொகையைத் தேடிப் புரட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதி பெரிது.

பதிவதற்கு முன்னால் தொகையைச் சரிபாருங்கள். 2019 ஜூன் 1 முதல், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. லூட்டனில் மாதம் 1,200 பவுண்டுக்கு ஒரு வீட்டை விடுகிறீர்கள் என்று வையுங்கள். 1,200ஐ 12ஆல் பெருக்கி, 52ஆல் வகுத்து, 5ஆல் பெருக்கினால் 1,384.615 வரும். வாங்க வேண்டியது 1,384.61. முழு எண்ணாக இருக்கட்டும் என்று 1,385 வாங்கினால் வரம்பு மீறல்தான். எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்குங்கள்.

கஸ்டோடியல் கணக்குத் திறப்பது சுலபம். வீட்டு முகவரி, வாடகைதாரர்கள் எல்லாருடைய பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், தொகை, இவ்வளவுதான் கேட்பார்கள். சிக்குவது அடுத்த படியில். இணையதளத்தில் பதிவு எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் திட்டத்தின் கணக்குக்குப் போய்ச் சேராதவரை பாதுகாப்பு தொடங்காது. கெடு 30 நாள். அதை எண்ண வேண்டியது சாவி கொடுத்த நாளிலிருந்து அல்ல, பணம் கைக்கு வந்த நாளிலிருந்து. ஏஜென்ட் வாங்கியிருந்தால் அவர் வாங்கிய நாளே கணக்கு.

இந்தத் திட்டங்களின் பெரிய குறை என்று நான் நினைப்பது, அவை அனுப்பும் உறுதிச் சான்றிதழ் தருகிற பொய்யான தைரியம். சட்டம் பணத்தைப் பதியச் சொல்வதோடு நிற்கவில்லை. அதே 30 நாளுக்குள் பிரிஸ்கிரைப்டு இன்ஃபர்மேஷன் என்ற விவரப் படிவத்தையும் வாடகைதாரரிடம் கொடுக்கச் சொல்கிறது. படிவ மாதிரி திட்டத்தின் தளத்திலேயே கிடைக்கும். நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

அதில் அடிக்கடி விடுபடுபவை மூன்று. எந்தெந்தக் காரணத்துக்கு டெபாசிட்டில் கழிப்பீர்கள் என்பதை வாடகை ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணோடு எழுத வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் படிவம் நிற்காது. திட்டம் வெளியிடும் விளக்கத் துண்டறிக்கையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பணம் கட்டியது வாடகைதாரரின் அப்பாவோ அண்ணனோ என்றால் அவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். மாணவர்களுக்கு விடுபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த மூன்றாவதைத்தான். கொடுத்த தேதியோடு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தவறினால் என்ன ஆகும்? வாடகைதாரர் நீதிமன்றம் போனால் டெபாசிட்டுக்குச் சமமான தொகையிலிருந்து அதன் மூன்று மடங்கு வரை அபராதம். மேலே சொன்ன வீட்டுக்கு அதிகபட்சம் 4,153.83 பவுண்டு. ஒரே ஒரு நாள் தாமதமானாலும் ஒரு மடங்குக்குக் கீழே நீதிபதியால் குறைக்க முடியாது. வாடகைதாரர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகும் வழக்குப் போடலாம். ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. 2026 மே 1 முதல், காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்ல உதவிய செக்‌ஷன் 21 இல்லாததால், வீட்டைத் திரும்பப் பெற, நீதிமன்றத்தில் காரணம் காட்டிக் கேட்கும் செக்‌ஷன் 8 ஒன்றே வழி. டெபாசிட் பதியப்படாமலோ, விவரம் கொடுக்கப்படாமலோ இருந்தால், சமூக விரோத நடத்தை போன்ற காரணங்களைத் தவிர வேறெதற்கும் நீதிமன்றம் உத்தரவு தராது. விசாரணைக்கு முன் அந்தக் குறையைச் சரிசெய்தாலோ, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலோ அந்தக் கதவு திறக்கும்.

தகராறு தீர்க்கும் சேவை மூன்று திட்டங்களிலும் இலவசம். இதற்காகவே இவற்றைப் பாராட்டலாம். ஆனால் தீர்ப்பவர் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார், தொலைபேசியில் கேட்கவும் மாட்டார். நீங்கள் ஏற்றிய காகிதமும் படமும்தான் அவர் பார்ப்பது. டெபாசிட் வாடகைதாரரின் பணம் என்பதால், சேதத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். குடிவந்த நாளில் இருவரும் கையெழுத்திட்ட இன்வென்டரி (வீட்டுப் பொருட்களும் அவற்றின் நிலையும் எழுதிய பட்டியல்) இல்லாமல், போன நாளின் படங்களை மட்டும் நூறு வைத்திருந்தாலும் பயனில்லை.

புதிய பொருளுக்கான முழு விலையும் கிடைக்காது. 400 பவுண்டு கார்ப்பெட், எட்டு ஆண்டு உழைக்கும், ஐந்து ஆண்டு ஆகிவிட்டது என்றால், மிச்சமிருக்கும் மூன்று ஆண்டுக்கு 150 பவுண்டுதான் நியாயமான கோரிக்கை. அதிகம் தகராறு வருவது சுத்தம் செய்வதில். ஆள் வைத்துத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிப் பணம் பிடிக்க முடியாது. வந்தபோது அடுப்பு எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அந்த அளவுக்கு வைத்தால் போதும். அடுப்பின் உள்தட்டு, குளியலறை ஓரப் பூச்சு, ஜன்னல் சட்டத்தின் பூஞ்சை, இந்த மூன்றையும் முதல் நாளே கிட்டப்போய்ப் படம் எடுத்து வையுங்கள்.

இன்ஷூர்டு வகை, பல வீடுகளை நிர்வகித்து, கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். வாடகைதாரர் கேட்டதும் 10 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். தகராறு என்றால் சர்ச்சைக்குரிய தொகையைத் திட்டத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் பணத்தைக் கூரை வேலைக்குச் செலவழித்தவர் அப்போது திண்டாடுவார்.

கஸ்டோடியலில் இருவரும் ஒத்துக்கொண்டால் சில நாட்களில் பணம் பிரிந்து வந்துவிடும். வாடகைதாரர் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டால்தான் இழுக்கும். குடித்தனம் முடிந்து 14 நாள் கழித்துத் தனித்துக் கோரலாம். சாலிசிட்டர் (வழக்கறிஞர்) முன் சத்தியப் பிரமாணம் எடுத்து அனுப்பினால், திட்டம் வாடகைதாரருக்கு எழுதிப் பதிலுக்கு 14 நாள் காத்திருக்கும். அதனால் முதல் நாளே கல்லூரி மின்னஞ்சலை மட்டும் வாங்கிக்கொண்டு நிற்காமல், நிரந்தர மின்னஞ்சலும் ஊர் முகவரியும் கேட்டுப் படிவத்தில் எழுதிவிடுங்கள்.