இறவாரச் சந்து: சிமென்ட் பூசுவதா, கம்பிவலை அடிப்பதா?

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்து ஓட்டு வீடுகளில் வெயில் காய்ந்து காய்ந்து கூரையின் மரச்சட்டம் சுருங்கும். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே சந்து விழும். அணில், எலி, சில இடங்களில் மரநாய்கூட அதுவழியே ஏறிவிடும்.

செலவு
சிமென்ட்: மலிவு. மிச்சமிருக்கும் அரை மூட்டையே போதும்.
வலை: ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த இரும்புக் கம்பிவலை), ஆணி, வாஷர், ஆசாரி கூலி என்று ஏறும்.

எத்தனை நாள் உழைக்கும்
சிமென்ட்: மரம் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும், பூச்சு அசையாது. சட்டத்தை ஒட்டியே முடி போல விரிசல் விடும். அதை எலி பிறாண்டிப் பெரிதாக்கும்.
வலை: மரத்தோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வறண்ட ஊரில் துருவும் மெதுவாகத்தான் பிடிக்கும். (நைலான் வலை மட்டும் வேண்டாம். வெயிலில் நொறுங்கும், எலியும் கடிக்கும்.)

காற்று
சிமென்ட்: ஓட்டடி அனல் வெளியேற வழியில்லை.
வலை: பிரச்சினையே இல்லை.

அணிலுக்கு அரை அங்குலக் கண் உள்ள வலை போதும். சுண்டெலிக்குக் கால் அங்குலம்.

எதுவானாலும், முதலில் சந்தில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகுங்கள். இரண்டு மூன்று நாள் அசையாமல் இருந்தால் உள்ளே ஆளில்லை. குட்டிச் சத்தம் கேட்டால் பொறுங்கள். மரநாய் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது.

சரி, எதற்கு எது? சுவர் உச்சியில் கல் பெயர்ந்த ஓட்டைக்கு சிமென்ட். மரம் தொடும் இடமெல்லாம் வலைதான். வாடகை வீடு, கை இறுக்கம் என்றால் படுக்கையறைப் பக்கம் மட்டும் வலை அடித்து, மற்றதை அடுத்த கோடைக்குத் தள்ளலாம்.