பெரியம்மாவின் ரேடியேஷனும் கீமோவும்: சிங்கப்பூருக்கு லீவில் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும், வெளிநாட்டில் இருக்கும் நாம் அறுவை சிகிச்சை நாளுக்குத்தான் டிக்கெட் போடுகிறோம். நான் மெல்பர்னிலிருந்து அதற்கு அப்புறம்தான் போனேன். ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

பெரியம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல வருஷம் கழித்து இரத்தப்போக்கு வந்தது. பலதுறை மருந்தகத்தில் (அரசாங்கப் பாலிகிளினிக்) காட்டினார்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிப் பொது மருத்துவமனைக்குப் போனதால் மானியக் கட்டணம். 1950களில் பிறந்த சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் தரும் மெர்டேக்கா தலைமுறை அட்டையும் இருந்ததால் வெளிநோயாளி கட்டணத்தில் இன்னும் 25 விழுக்காடு குறைந்தது. மிச்சத்துக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு. அவசரப்பட்டு நேராகத் தனியாரிடம் போகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பையின் உட்சுவரில் வந்த புற்று, மூன்றாம் கட்டம். கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது, பிறகு ஏன் இரண்டு சிகிச்சையும் என்று அக்கா கேட்டாள். டாக்டர் சொன்னது எனக்குப் பிடித்தது: ரேடியேஷன் இடுப்புப் பகுதியில் மிஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும், கீமோ இரத்தத்தோடு போய் மற்ற இடங்களைப் பார்த்துக்கொள்ளும். இந்தப் புற்றுக்கான போர்டெக்-3 என்ற மருத்துவ ஆய்வில் இப்படி இரண்டையும் சேர்த்துக் கொடுத்த மூன்றாம் கட்ட நோயாளிகளில் 5 ஆண்டுக்குப் பிறகு 78.5 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 68.5. ஆனால் 2019-இல் வந்த ஜிஓஜி-258 ஆய்வு இரண்டையும் சேர்ப்பதைக் கீமோவோடு மட்டும் ஒப்பிட்டபோது, நோய் திரும்பாமல் இருக்கும் காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இடுப்புக்குள் திரும்புவது மட்டும் குறைந்தது. அதனால் எல்லாருக்கும் ஒரே முறை கிடையாது. புற்றின் வகை, பி53 என்ற மரபணு மாறியிருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

பெரியம்மாவுக்குப் போர்டெக் முறைதான். வாரத்துக்கு ஐந்து நாளாக 27 முறை ரேடியேஷன், அதன் முதல் வாரத்திலும் நாலாவது வாரத்திலும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அது முடிந்ததும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பக்லிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகள், நாலு சுற்று.

ரேடியேஷன் மேசையில் படுத்திருப்பது சில நிமிடம். அதற்குமுன் தண்ணீர்தான் பெரிய வேலை. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சிறுகுடல் மேலே தள்ளிப்போய்க் கதிரிலிருந்து கொஞ்சம் தப்பிக்கும். “ஆன்ட்டி, தண்ணி குடிச்சாச்சா? இன்னும் ஒரு கப் குடிங்க” என்று தமிழ்த் தாதி ஒருவர் தினமும் கேட்பார். பிரச்சினை, மெஷின் தாமதமாகும்போது யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரியம்மா காலைக் குறுக்கிக்கொண்டு, “முடியலடா தம்பி, போயிட்டு வந்துடறேன்” என்பார். போனால் மறுபடி முதலிலிருந்து குடிக்க வேண்டும். அவ்வளவு நவீனமான கட்டடத்தில், ‘அரை மணி தாமதம்’ என்று ஒரு வரி திரையில் போட முடியாதா? அக்கா கருத்துப் படிவத்தில் எழுதிப் போட்டிருக்கிறாள்.

வயிற்றுப்போக்கு, சோர்வு எல்லாம் எதிர்பார்த்தவை. மோர், குழைந்த சோறு, தேக்காவில் வாங்கிய வாழைக்காய் என்று சமாளித்தோம். கீரை, பருப்பு வேண்டாம் என்று உணவியல் நிபுணர் சொன்னதில்தான் பெரியம்மாவுக்குக் கோபம்.

உண்மையான கஷ்டம் ரேடியேஷன் முடிந்த பிறகு வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ‘முடிஞ்சிருச்சே’ என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். இரண்டாவது பக்லிடாக்செலுக்குப் பிறகு கோப்பிக்கடையில் பெரியம்மா பர்ஸுக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே நின்றார். 20 காசும் 50 காசும் தொட்டால் தெரியவில்லை. விரல் நுனியெல்லாம் மதமதப்பு. போர்டெக் ஆய்விலேயே சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் நாலில் ஒருவருக்குக் கடுமையான மதமதப்பு இரண்டு ஆண்டு கழித்தும் இருந்ததாம். பெரியம்மா டாக்டரிடம் சொல்லவே மாட்டேன் என்றார், மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம். நான்தான் சொன்னேன். அடுத்த சுற்றில் அளவைக் குறைத்தார்கள். தாதி வீட்டில் மெத்தென்ற செருப்புப் போடச் சொல்லி, சுடுதண்ணீரைக் கை விட்டுப் பார்க்காதீர்கள் என்றும் எச்சரித்தார்.

டிக்கெட் போடுமுன், ரேடியேஷன் முடியும் நாளையும் அதற்குப் பிந்தைய கீமோ நாள்களையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு பிரிவு, வேறு வேறு அப்பாயின்ட்மென்ட். கீமோவுக்கு முன் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் வெள்ளணு குறைந்திருந்தால் சுற்றுத் தள்ளிப்போகும். அதனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பாருங்கள்.