வாக்கை இடம் மாற்றித் தரும் சேவை: வத்தளை போய் ஹட்டன் திரும்பிய ஒருவரின் மதிப்பீடு

இலங்கையில் வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) பெயரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றித் தரும் அரச சேவையை நான் இரண்டு தடவைகள் பயன்படுத்தியிருக்கிறேன். நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு கம்பஹா மாவட்டத்து வத்தளைக்கு வேலைக்குப் போனபோது ஒரு தடவை, ஊருக்கே திரும்பியபோது மறு தடவை. கட்டணம் எதுவும் இல்லை. ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுப்பேன்.

வத்தளையில் படிவத்தை நிரப்புவதை விட வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. வாடகைக்கு இருப்பவன் தன் முகவரியில் வாக்காளனாகிவிட்டால் நாளை வீட்டுக்கே உரிமை கேட்பானோ என்று அவர் அஞ்சினார். கிராம உத்தியோகத்தர் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகே வேலை நடந்தது. அவருக்கு முழுப் புள்ளியும் தரலாம்.

திரும்பி வந்தபோதுதான் சேவை சறுக்கியது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில், பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டுக்கும் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயருமே முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. அங்கே நீக்கப்பட்ட என் பெயர் இங்கே சேர்க்கப்படாமல், ஒரு வருடம் முழுவதும் எந்த இடாப்பிலும் நான் இல்லை. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேடியிருக்காவிட்டால் அது எனக்குத் தெரியவந்திருக்காது. அந்தத் தேடல் வசதி உண்மையிலேயே நல்லது.

ஆனால் இந்தச் சேவையில் எனக்குள்ள பெரிய குறை வேறு. முகவரி மாற்றம் என்று அது சாதாரணமாகக் கேட்கும் விடயம் எவ்வளவு கனமானது என்பதை எவரும் சொல்வதில்லை. நாடாளுமன்றத்துக்கு மாவட்டங்களிலிருந்து தெரிவாகும் 196 பேரில் 36 ஆசனங்கள் ஒன்பது மாகாணங்களுக்கும் தலா நான்காக ஒதுக்கப்படுகின்றன. மீதி 160 ஆசனங்களும் பதிவான வாக்காளர் தொகையை வைத்தே மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படுகின்றன. அளிக்கப்பட்ட வாக்குகளோ, வீட்டிலுள்ள பிள்ளைகளோ இந்தக் கணக்கில் இல்லை. 2010இல் ஒன்பது ஆசனங்கள் வைத்திருந்த யாழ்ப்பாண மாவட்டம் 2024இல் ஆறுக்கு இறங்கியதும், அதே 2024இல் கம்பஹா பதினெட்டிலிருந்து பத்தொன்பதுக்கு ஏறியதும் இந்தக் கணக்கால்தான். நுவரெலியாவுக்கு இப்போது எட்டு. கொழும்பிலும் வத்தளையிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் எல்லோரும் சட்டம் சொல்கிறபடி வழமையாக வசிக்கும் இடத்திலேயே பதிந்துகொண்டால், மலையகத்தில் ஓர் ஆசனத்தை ஆட்டக்கூடிய எண்ணிக்கை, பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட கம்பஹாவில் கரைந்துபோகும். பதியாமல் விட்டாலோ, தபால் வாக்கு கடைப் பணியாளருக்குக் கிடையாது என்பதால், வாக்களிப்பு நாளில் பஸ் ஏறி வரவேண்டும். சம்பளமும் லீவும் கடை முதலாளியின் மனதைப் பொறுத்தவை.

"தீவாளிக்கு வாற மாதிரி ஓட்டுக்கும் வந்துட்டுப் போ தம்பி, பேரை மட்டும் எடுத்துறாத" என்று நான் வத்தளைக்குப் புறப்பட்டபோது அம்மா சொன்னார். அவர் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வாக்காளரானவர். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்ட மக்களின் பெயர்களை இடாப்பிலிருந்து அழித்த பிறகு, 1977இல் நுவரெலியா மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் தெரிவாகும் வரை எத்தனை தேர்தல்கள் கடந்தன என்பதை அவர் விரல் விட்டு எண்ணுவார். நானோ அவருடைய பேச்சைக் கேட்காமல்தான் பெயரை மாற்றினேன். வத்தளையில் குப்பை அள்ளுவதற்கும் வடிகாலுக்கும் பதில் சொல்லவேண்டிய உள்ளூராட்சி உறுப்பினரைத் தெரிவுசெய்ய எனக்கு அங்கே வாக்கு தேவைப்பட்டது. அந்த முடிவு பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

பெயரை மாற்ற எண்ணுபவர்கள், வரைவுப் பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும் நாட்களில் இரண்டு ஊர்களிலும் பார்த்துவிடுங்கள். ஆட்சேபனைக்கான காலம் முடிந்தால் அடுத்த வருடம்தான். இந்த வருடம் என் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. லய இலக்கம் மட்டும் பிழை. திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.