ஃபைபர் படகுக்குப் பட்டறையில் செய்த நங்கூர ரோலர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் ஃபைபர் படகில் நங்கூரக் கயிறு அணியத்து (படகின் முன்முனை) விளிம்பை உரசிக்கொண்டேதான் ஓடும். விளிம்பு தேய்ந்து உள்ளே நார் தெரிய ஆரம்பித்ததும், தூத்துக்குடியில் ஒரு லேத் பட்டறையில் ரோலர் ஸ்டாண்ட் செய்து மாட்டினோம்.

வரைபடம் எதுவும் போடவில்லை. கெட்டி அட்டையை வெட்டி அணியத்தில் பொருத்தி, கயிற்றை அதன் மேல் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தோம். காற்றுக்குப் படகு திரும்பும்போது கயிறு நேராக வராது, பக்கவாட்டில் ஏறும். அதனால் பக்கத் தகடுகளை ரோலரைவிட நல்ல உயரமாக வைத்து, மேல் விளிம்பை வெளிப்பக்கம் சற்று விரித்து, முனைகளை உருட்டித் தேய்க்கச் சொன்னோம். இன்றுவரை கயிறு வெளியே குதித்ததில்லை. கொடுத்த காசு இதற்கே சரியாகப் போயிற்று.

தகடு 5 மி.மீ. 316எல் வகை எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). 304 என்ற வகை விலை குறைவுதான். ஆனால் உப்புத் தண்ணீர் குழி பறிக்காமல் தாங்குவதற்கு 316-இல் உள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் வேண்டும். காந்தத்தை வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

தகடு அப்படியே இருக்கிறது. தொல்லை கொடுத்தது போல்ட். பட்டறையில் போட்டுக் கொடுத்தவற்றின் தலையில் 'ஏ2' என்று இருந்தது, அதாவது 304 வகை. முதல் மழைக்காலம் முடிவதற்குள் தலைக்கு அடியிலிருந்து பழுப்பாக வழிந்துவிட்டது. 316 வகையான 'ஏ4' வாங்கி மாற்றிய பிறகு தொல்லையில்லை. வெல்டிங்கிலும் இதே கதை: வெளித் தையலை ஆசிட் பேஸ்ட் போட்டுப் பளபளவென்று சுத்தம் செய்தவர்கள், கை நுழையாத உள்மூலையில் நீலம் பாரித்த கறையை அப்படியே விட்டுவிட்டார்கள். வருடா வருடம் அந்த இடம் மட்டும்தான் துருக்கறை கட்டுகிறது.

அப்புறம் ரோலர். முதலில் போட்டது நைலான் ரோலர். நைலான் தண்ணீரை உறிஞ்சி உப்பும். அது நடுவில் அச்சாக இருக்கும் ஊசியைக் கவ்விப் பிடித்து, உருளாமல் நின்று, கயிறு அதன் மேல் பள்ளம் போட ஆரம்பித்தது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கியதும் சரியாகிவிட்டது. ஊசியை வெல்ட் வைத்து மூடாமல் ஸ்ப்ளிட் பின் (கால்களை விரித்து மாட்டும் கம்பிப் பின்) போட்டிருந்ததால் கழற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த ரோலரை டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் கடையச் சொல்லியிருக்கிறேன். அது அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது.