சில்லு வைத்த கிட் பாக் மோட்டார் சைக்கிளுக்கு ஆகுமா?

கடினப்பந்துக் கிரிக்கெட் விளையாடுகிறவர் துடுப்பு, பாட் எல்லாம் கொண்டுபோகிற கிட் பாக் கேட்டுக் கடைக்குப் போனால் முதலில் இறக்கிக் காட்டுவது சில்லு வைத்ததைத்தான். விலையும் கூட, எடுப்பும் கூட. கடையின் மாபிள் தரையில் இழுத்துப் பார்த்தால் ஒற்றை விரலுக்கே வருகிறது. ஆனால் மட்டக்களப்பில் அந்தப் பாக் போகிற பாதையில் மாபிள் எங்கே? வாசலில் மணல், ஒழுங்கையில் கிறவல், பிறகு மோட்டார் சைக்கிளின் பின் சீற், மைதானத்தில் திரும்பவும் மணலும் புல்லும். வெபர் மைதானத்துக்கும் கல்லடி சிவானந்தா மைதானத்துக்கும் வருகிற வழி இதுதான். ஆகவே இந்தப் பாக்குகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கட்டிப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

உயர்ந்த விலையில் இப்போது கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, அடியில் தட்டும் இரண்டு சில்லும் உள்ள நீளப் பாக். 95 முதல் 100 சென்றிமீற்றர் வரை நீளம். மற்றது, இரண்டு தோளிலும் மாட்டும் டஃபிள். நிமிர்ந்து நிற்கும், நீளம் 85 முதல் 95 வரை. சாதாரணத் துடுப்பு பெரும்பாலும் எதிலும் அடங்கும். விதிப்படி ஒரு துடுப்பு 38 அங்குலத்துக்கு மேல் போக முடியாது, சாதாரண ஷோர்ட் ஹாண்டில், அதாவது குட்டைப் பிடித் துடுப்பு, 34 அங்குலத்துக்குள் நின்றுவிடும். அதாவது சுமார் 86 சென்றிமீற்றர். உயரமானவர்கள் பாவிக்கிற லோங் ஹாண்டிலோ, 85 சென்றிமீற்றர் டஃபிளோ என்றால் துடுப்பைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். 85 சென்றிமீற்றர் டஃபிளில் பிடி சிப்புக்கு வெளியே நீட்டும், சிப் கிழிவது அந்த மூலையில்தான்.

பாரத்தைக் கணக்குப் பார்ப்போம். துடுப்பு 2, ஒவ்வொன்றும் 1.2 கிலோ, கால் பாட் ஒரு சோடி 1.8, தலைக்கவசம் 0.9, கையுறை 2 சோடி 0.7, தொடைப் பாட்டும் சில்லறைகளும் 0.7, ஸ்பைக்ஸ் சப்பாத்து 0.9, தண்ணீர் ஒன்றரை லீற்றர், உடுப்பும் துவாயும் ஒரு கிலோ. கூட்டினால் பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டஃபிளின் சொந்தப் பாரம் ஒன்றரை, இரண்டு கிலோ. சில்லுப் பாக்கின் சொந்தப் பாரம் நாலு, நாலரை. சைக்கிளில் போகும்போது அந்தச் சில்லு ஒரு தடவைகூடச் சுழலப்போவதில்லை. இரண்டரைக் கிலோவைக் காசு கொடுத்து வாங்கிச் சும்மா சுமக்கிறோம்.

நீளப் பாக்கைப் பின் சீற்றில் குறுக்கே வைத்துத்தான் கட்ட முடியும். இங்கே ஓடுகிற 100, 125 சீசீ சைக்கிள்களின் ஹாண்டில் அகலம் 70, 80 சென்றிமீற்றர். பாக் ஒரு மீற்றர். இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து சென்றிமீற்றர் வெளியே நிற்கும். ஓட்டுகிறவருடைய கண் ஹாண்டிலைத்தான் அளவு பார்க்கும். ஹாண்டில் நுழைந்த இடைவெளியில் பாக் நுழையாது. பஸ்ஸுக்கும் மதிலுக்கும் நடுவில் விட்டவர்கள் அதைப் பாக்கின் மூலையில் இருக்கிற உரசலைப் பார்த்துத்தான் அறிவார்கள். கல்லடிப் பாலத்தில் பக்கக்காற்று அடித்தால் அந்த ஒரு மீற்றரும் பாய்தான்.

கட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கொக்கி வைத்த இறப்பர் பட்டியைவிடப் பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய பட்டி நல்லது. கொக்கி துணியைக் கொத்தும், பிடி விட்டால் முகத்துக்கும் வரும். பட்டி இரண்டு வேண்டும். ஒன்றோடு விட்டால் குழியில் விழுந்து எழும்பும்போது பாக் அந்தப் பட்டியையே அச்சாக வைத்துத் திரும்பி, ஒரு முனை சைலன்சர் பக்கம் இறங்கும். பொலியெஸ்டர் சூட்டில் எரியாது, உருகி ஒட்டும். ஓட்டை விழுந்த பிறகு தைக்கக்கூட விளிம்பு இராது. பாரமான சாமானை, அதாவது சப்பாத்தையும் தண்ணீரையும், சைலன்சர் இல்லாத பக்கத்துக்குத் தள்ளி வைத்தால் அந்தச் சாய்வு குறையும். இந்த இடத்தில் சில்லுப் பாக்கின் அடித்தட்டுக்கு ஒரு புள்ளி கொடுக்கத்தான் வேண்டும்: நடுவில் மடியாது, சீற்றில் பலகை மாதிரிக் கிடக்கும்.

பெரிய குறை வேறு. கட்டிய பிறகு ஒரு பொக்கற்றையும் திறக்க முடியாது. பட்டி சரியாகச் சிப்பின் மேலால் போகிறது. தண்ணீர் எடுக்கவோ மழைச்சட்டை எடுக்கவோ முழுக்க அவிழ்க்க வேண்டும். கோல்ஃப் வண்டியில் கட்டுகிற விலைகூடிய பாக்குகளைப் பாருங்கள்: வண்டியின் பட்டி பொக்கற்றின் அடியால் ஓடுவதற்குத் தனி வழி தைத்திருப்பார்கள், பொக்கற் எல்லாம் வெளியே பார்த்தபடி இருக்கும், அடி திரும்பாமல் இருக்க அதற்கென்று வெட்டும் இருக்கும். பாக் கட்டப்படத்தான் போகிறது என்று தெரிந்து செய்த வேலை அது. நம் நாடுகளில் கிரிக்கெட் கிட் நிறைய மோட்டார் சைக்கிளில்தான் ஓடுகிறது என்று கிரிக்கெட் சாமான் செய்கிற மீரட்டிலும் சியால்கோட்டிலும் தெரியாமலா இருக்கும்? ஒருவர்கூட அந்த வழியைத் தைத்து அனுப்பியதாகக் கண்ணில் படவில்லை.

டஃபிளை முதுகில் மாட்டலாம். மாட்டுகிற முறையில்தான் எல்லாம். தோள்பட்டியை இறுக்கிப் பாக்கை மேலே தூக்கி வைத்தால் பன்னிரண்டு கிலோவும் தோளில் தொங்கும், கல்முனைக்கு ஓடுகிற சுமார் 40 கிலோமீற்றரில் கழுத்து மரத்துவிடும். பட்டியைத் தளர்த்தி, பாக்கின் அடி பின் சீற்றில் முட்டுகிற அளவுக்கு இறக்குங்கள். பாரத்தைச் சீற் தாங்கும், பட்டி விழாமல் பிடித்தால் போதும். ஆனால் அப்படி இறக்கினாலும் பாக்கின் தலை நம் தலை உயரத்துக்கு வரும். துடுப்பின் பிடி ஓட்டுகிற தலைக்கவசத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். மருந்து சுலபம்: துடுப்பு அறை முதுகுப்பக்கம் இல்லாமல் வெளிப்பக்கம் உள்ள டஃபிளாகப் பார்த்து வாங்குவது. பின்னால் ஆள் ஏறுகிறதென்றால் இந்தக் கதை எதுவும் இல்லை, பாக் அவருடைய மடியில்.

துணியைப் பற்றிக் கடையில் சொல்லுவது 600டீ, 1680டீ என்ற இலக்கம். 9000 மீற்றர் நூலின் பாரம் எத்தனை கிராம் என்பதுதான் அது. இலக்கம் பெரிதென்றால் நூல் தடிப்பு, உரசலுக்கு நின்று பிடிக்கும். மழையைத் தடுப்பது நூல் அல்ல, உட்புறத்துப் பூச்சு. அந்தப் பூச்சு பொலியூரத்தேன் என்றால் நம் புழுக்கத்தில் சில வருடத்தில் ஈரத்தோடு வினைப்பட்டுப் பிசுபிசுத்து உரியும். உள்ளே கை விட்டால் கறுப்பாக ஒட்டும். பாக்கை மூடி அலுமாரிக்கு மேலே போட்டுவைப்பவர்களுக்கு இது இன்னும் கெதியாக வரும். விளையாடாத மாதங்களிலும் திறந்து, நிழலில் காற்றுப்பட வையுங்கள். கையுறையில் பூஞ்சணம் பிடிக்காமலும் இருக்கும்.

இந்த ஊரில் பாக்கைக் கொல்லுவது துணியல்ல, சிப். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று இல்லாத நாளில்லை. பிளாஸ்ரிக் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஓடுகிற உலோகத் தலையில்தான் வெள்ளைப் பொடி பூத்து, பிறகு கறள் ஏறி, ஒரு காலை ஒன்பது மணிக்கு மெச் தொடங்கும் நேரத்தில் அசையாமல் நிற்கும். பெரிய அறைக்கு 10ஆம் இலக்கச் சிப் (இலக்கம் கூடினால் பல்லும் பெரிது) இருக்க வேண்டும், 8க்குக் கீழே என்றால் விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் மணலைத் தேய்த்து எடுத்து, காய்ந்த பிறகு மெழுகுதிரியைப் பல்லோடு தேய்த்து இரண்டு முறை இழுத்துவிட்டால் போதும். தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், அன்றைக்கு வழுக்கும், மறுநாள் மணல் எல்லாம் அதில் ஒட்டி அரம் மாதிரிப் பல்லைத் தின்னும். தலை ஓடியும் பல் கவ்வாவிட்டால் தலையின் இரண்டு பக்கத்தையும் குறட்டால் மெல்ல, மெல்லத்தான், நெரித்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் சப்பாத்துத் தைக்கிறவரிடம் தலை மட்டும் மாற்றலாம், முழுச் சிப்பும் கழற்றத் தேவையில்லை.

சில்லைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழெட்டுச் சென்றிமீற்றர் சில்லு நாவலடி மணலில் உருளாது, உழும். பெயாரிங்குக்குள் மணல் போன பிறகு மாபிளிலும் உருளாது.

பொக்கற்றுகளில் பயன்படுவது சப்பாத்து அறை. அதில் வலைத்துணி சன்னலும் அடியில் ஈரம் வடிய ஓட்டையும் இருந்தால் அது யோசித்துச் செய்த பாக். வெள்ளித்தாள் தைத்த 'கூல்' பொக்கற் வைத்த பாக்குக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஐஸ் தண்ணீர்ப் போத்தல் வியர்த்து, அந்த ஈரம் தையலால் கசிந்து பக்கத்து அறையில் இருக்கிற கையுறைத் தோலுக்குப் போகும்.

மாரியில் இரண்டு வகையும் நனையும். 'வோட்டர் ரெசிஸ்ரன்ற்' என்று எழுதியிருப்பது துணிக்கு மட்டும். தையல் ஓட்டைக்கும் சிப்புக்கும் அந்தச் சான்றிதழ் இல்லை. உள்ளே பெரிய பொலித்தீன் பையை விரித்து அதற்குள் சாமானை அடுக்குவதுதான் வழி. நிமிர்ந்து நிற்கிற டஃபிளில் தண்ணீர் எல்லாம் அடியில் தங்கும். துடுப்பின் கால் அங்கே இருந்தால் குடித்து வீங்கி வெடிக்கும். பிடி கீழே, கால் மேலே என்று வையுங்கள். பிடியின் இறப்பர் நனைந்தால் கழற்றிக் காயவைக்கலாம், வெடித்த வில்லோ மரம் திரும்பாது.

தெரிவு டஃபிள்தான். ரெயிலில், விமானத்தில் அடிக்கடி கொழும்புப் பக்கம் போகிறவருக்கும், கழகத்துச் சாமான் முழுவதையும் ஓட்டோவில் ஏற்றுகிறவருக்கும் சில்லுப் பாக் பொருந்தும். இரண்டு சோடிப் பாட் சுமக்கிற விக்கெட் காப்பாளருக்கு டஃபிள் கொஞ்சம் நெருக்கம். வெளியே பாட் கட்டுகிற வார் உள்ளதாக எடுத்தால் சமாளிக்கலாம்.

வாங்கும்போது பாக்கை வெறுமையாகத் தூக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் இருக்கிற பாட், துடுப்புகளைப் போட்டு நிரப்பி, ஒரு தோள்பட்டியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். பட்டி பாக்கோடு சேருகிற இடத்தில் சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுமாகத் தைத்திருக்க வேண்டும். ஒற்றைக் கோட்டுத் தையல் என்றால் தூக்கும்போதே நூல் நெளிந்து வெள்ளையாகத் தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.