மண்கரைக்கு அடியில் குழாயா, மேலே சைஃபனா?

படகு விடவும் தூண்டில் போடவும் அமைத்த ஓர் ஏக்கர் ஏரி, 4 மீட்டர் உயர மண்கரை. கலிங்கு (மிகை நீர் வழியும் வாய்) வெள்ளத்துக்கு; அவசரத்தில் நீரை இறக்க தனி வழி வேண்டும். அடியில் வால்வு வைத்த குழாயைப் புதைக்கலாம், அல்லது கரைமேல் ஏறி இறங்கும் சைஃபன் போடலாம்; அது பம்ப் இல்லாமல், காற்றழுத்தம் தள்ள நீரை மேலேற்றி மறுபுறம் இறக்கும் குழாய். இந்த உயரத்துக்கு என் தேர்வு சைஃபன்.

இரண்டும் இல்லாமல் விடுவது ஆபத்து. பென்சில்வேனியாவில் ஒரு மீன்பிடி கிளப்பின் சவுத் ஃபோர்க் மண் அணை 1889இல் உடைந்து 2,209 பேர் இறந்தார்கள். முந்தைய உரிமையாளர் அடிக்குழாய்களைப் பிடுங்கி விற்றுவிட்டதால் நீரை இறக்க வழியே இல்லை.

அடிக்குழாயில் வால்வைத் திருப்பினால் போதும். ஏரியை அடிவரை வடிக்கலாம். சிக்கல் குழாய்க்குள் இல்லை, வெளிப்புறத்தில். உருண்டைக் குழாயின் அடிவயிற்றில் மண்ணைத் திமிசு போட்டு இறுக்குவது கடினம். அங்கே விடும் இடைவெளி வழியே நீர் ஊர்ந்து, மண்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். வெளிச்சரிவில் கலங்கிய நீர் தெரியும்போது உள்ளே குடைவு முற்றியிருக்கும். 1982இல் கொலராடோவின் லான் லேக் அணை உடைந்ததற்கு, அடிக்குழாய் வால்வருகே இருந்த ஈய இணைப்பு கசிந்ததையே காரணமாகச் சொன்னார்கள். குழாயைச் சுற்றி கான்கிரீட் வளையம் கட்டுவது பழைய முறை. வளையத்தை ஒட்டி ரோலர் ஓடாது, அங்கேயே மண் தளரும். இப்போது வெளிச்சரிவுப் பக்கம் குழாயைச் சுற்றி மூன்றடி கனத்துக்குக் கழுவிய மணல் வடிகட்டி வைக்கிறார்கள்; அது நீரை விட்டு மண்துகளைப் பிடித்துக்கொள்ளும். புதுக்கரைக்கு அது சரி. நிற்கும் கரையைத் தோண்டி வைப்பது வேண்டாத வேலை.

சைஃபனில் கசிவு வந்தால் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும், கரை அரிக்காது. பராமரிப்பில் இதைவிட என்ன வேண்டும்? 150 மி.மீ. எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் போடுங்கள். மெல்லிய குழாயை உள்வெற்றிடம் நசுக்கிவிடும். உள்வாயில் சல்லடையும் ஃபுட் வால்வும் (ஊற்றிய நீர் ஏரிக்குத் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வு), உச்சியில் நீர் ஊற்ற மூடியுள்ள டீ (T வடிவ இணைப்பு), கீழ்முனையில் திறந்து மூடும் கேட் வால்வு. கீழ் வால்வை மூடி, உச்சிவரை நீர் நிரப்பி, டீயை இறுக்கி மூடியபின் கீழே திறக்க வேண்டும். விநாடிக்கு 40 லிட்டர் அளவில் ஓடினால் ஓர் ஏக்கரில் ஒரு மீட்டர் இறங்க ஒன்றேகால் நாள் ஆகும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஃபுட் வால்வில் பாசி சிக்கும்.

எல்லை ஏற்றத்தில்தான். இறங்கிய நீர்மட்டத்திலிருந்து குழாய் உச்சிவரை சமவெளியில் 6 மீட்டர் தாண்டக்கூடாது. கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தமே 8 மீட்டர் நீருக்குத்தான் ஈடு, அங்கே 4 மீட்டருக்கு மேல் நம்பமாட்டேன். அதைவிட உயரமான கரைக்கு மணல் வடிகட்டியோடு அடிக்குழாய்தான்.

பழைய இரும்புக்குழாயை அப்படியே விட்டு சைஃபன் போடுவது அரைவேலை. அதை சிமென்ட் கிரௌட்டால் (சிமென்ட் குழம்பால்) நிரப்பி, வெளிவாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைத்தபின் சைஃபனைப் போடுங்கள்.